மண்பாதை முடிந்ததும் டயருக்குத் திரும்பக் காற்று: கம்ப்ரஸரா, சிலிண்டரா, பங்க்கா?

ஹெப்பால் ஜிம்னி
சனி, இரவு 9:12

வணக்கம். வண்டி மாருதி ஜிம்னி, கம்பெனி போட்டுக் கொடுத்த 195/80 ஆர்15 டயர்தான். இதுவரை குழுவோடுதான் போயிருக்கிறேன். யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்து கம்ப்ரஸரை மாட்டுவார், நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று காற்று அடித்துக்கொள்வோம். இனி வீட்டு ஆட்களோடு தனியாகவும் போகலாம் என்று இருக்கிறேன். சகலேஷ்புரா தாண்டி பிஸ்லே பக்கம், கனகபுரா வழியாக காவிரிக் கரை, இந்த மாதிரி இடங்கள். சேறு, கல் எதுவானாலும் பிடிப்புக்காக டயரின் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்குவது பழக்கம்.

திரும்ப அடிக்க என்ன வாங்கலாம்? கடைக்காரர் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்னதைக் காட்டுகிறார். ஒரு நண்பர், பேட்டரியில் கிளிப் போடுவதைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். இன்னொருவர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கு, நாலு டயரும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்கிறார். வீட்டில் மனைவி, "மெதுவா ஓட்டிட்டு வந்து பங்க்ல அடிச்சா காசே இல்லையே" என்கிறாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.


அல்சூர் பழசு
சனி, இரவு 9:47

தம்பி, வீட்டம்மா கேட்டதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் கம்ப்ரஸர் வாங்கக் கூடாது.

பங்க்கில் காற்று இலவசம், அது எண்ணெய் நிறுவனங்கள் விதித்த கட்டாய வசதி. ஆனால் தூரம் எவ்வளவு? கனகபுரா பக்கம் என்றால் மண் முடிந்து தார் ஏறிய கொஞ்ச தூரத்திலேயே ஏதாவது ஒரு பங்க்கோ பங்சர் கடையோ வந்துவிடும். 30, 40 வேகத்தில் உருட்டிக்கொண்டு வரலாம், ஒன்றும் ஆகாது. பிஸ்லே அப்படி இல்லை. அங்கிருந்து சகலேஷ்புரா ஊருக்குள் வருவதற்குள் பொழுது போய்விடும். முழுக்க வளைவு நெளிவு வேறு. 18 பிஎஸ்ஐயில் தார் ரோட்டில் வேகம் பிடித்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிந்து சூடேறும். அந்தச் சூட்டில்தான் டயர் உள்ளுக்குள் பிரிய ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் 100இல் போகும்போது தெரியும். வளைவில் ஸ்டீயரிங் சொல் பேச்சுக் கேட்காது என்பது தனிக் கதை.

இன்னொன்று, சின்ன ஊர் பங்க்கில் காற்று மிஷின் இருக்கும், அடிக்கிற பையன் சாப்பிடப் போயிருப்பான். இல்லையென்றால் ஹோஸ் முனை உடைந்து கயிறு கட்டியிருக்கும். பங்சர் கடை சேட்டன்கள் எவ்வளவோ மேல், ஆனால் ஓணத்துக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஆக, பெங்களூருவைச் சுற்றி மட்டும் என்றால் பங்க்கே போதும். பிஸ்லே என்று நீங்களே எழுதிவிட்டதால் வண்டியிலேயே ஒன்று இருக்கத்தான் வேண்டும்.


கணக்கப்பிள்ளை
சனி, இரவு 10:20

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்துவிடலாம். இதை யாரும் போடுவதில்லை, அதனால்தான் ஜிம்னிக்காரர் லேண்ட் குரூஸருக்கு வாங்குகிற சாமானை வாங்குகிறார்.

உங்கள் டயருக்குள் இருக்கும் இடம் ஏறக்குறைய 40 லிட்டர். 18இலிருந்து 28க்கு ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் கதவோர ஸ்டிக்கரில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு, இது உதாரணத்துக்கு). 10 பிஎஸ்ஐ என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு டயருக்கு 27 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். நாலுக்கும் 110 லிட்டர்.

மஹிந்திரா தார் வண்டியின் 255/65 ஆர்18 டயருக்குள் 65 லிட்டர் இடம். 18இலிருந்து 32க்கு என்றால் டயருக்கு 62 லிட்டர், மொத்தம் 250. உங்களுடையதைப் போல இரண்டு பங்குக்கும் மேல்.

இப்போது கம்ப்ரஸர் டப்பாவில் "நிமிடத்துக்கு 35 லிட்டர்" என்று போட்டிருக்கும். அது எதிர்ப்பே இல்லாமல், வெறும் காற்றில் ஊதும்போது வரும் கணக்கு. டயரில் அழுத்தம் ஏற ஏறக் குறையும். நேர்மையாக இரண்டையும் போடுகிறவர்களும் உண்டு. ஏஆர்பி கம்பெனியின் இரட்டை மோட்டார் கம்ப்ரஸருக்கு 0 பிஎஸ்ஐயில் 174 லிட்டர், 29 பிஎஸ்ஐயில் 132 லிட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல சாமான், அதிலேயே கால்வாசி போய்விடுகிறது. சின்னதில் பாதி போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

35இல் பாதி என்று வைத்தாலும் உங்களுக்கு டயருக்கு இரண்டு நிமிடத்துக்குள். நாலு டயர், ஹோஸ் மாற்றும் நேரம் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். தார்க்காரருக்கு அதே சாமானில் இருபது நிமிடம் ஆகும், நடுவில் ஆற வைக்க நிறுத்தவும் வேண்டும்.

கால் பம்ப் வாங்கலாமா என்று அடுத்து ஒருவர் கேட்பார். ஒரு மிதிக்கு அரை லிட்டர் என்றால் உங்களுக்கு நாலு டயருக்கும் 220 மிதி, தாருக்கு 500. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.


சிவப்பு தார்
சனி, இரவு 10:58

500 மிதி! என் வீட்டுக்காரரிடம் காட்டினேன், தார் விற்றுவிடலாம் என்கிறார்.

நான் சிலிண்டர் கட்சி. எதற்கு என்று சொல்கிறேன். எங்கள் குழுவில் ஏழெட்டு வண்டிகள் வரும். மாலை ஐந்து மணிக்கு மண்பாதை முடியும், எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம், அதற்குள் மழை வந்துவிடும். கம்ப்ரஸரில் ஒவ்வொரு வண்டியாக அடித்துக்கொண்டிருந்தால் கடைசி ஆள் கிளம்பும்போது இருட்டிவிடும். சிலிண்டரில் ஹோஸை மாட்டினால் டயருக்கு முப்பது நாற்பது நொடிதான். சத்தம் இல்லை, பானெட் திறக்க வேண்டாம், இன்ஜின் ஓட வேண்டாம்.

அதைவிட முக்கியம், டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிட்டால். போன மழைக்காலத்தில் ஒரு வண்டிக்கு அப்படி ஆனது. 12 வரைக்கும் இறக்கிவிட்டு, சாய்வில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார், பீடு, அதாவது ரிம்மில் பதிந்து உட்காரும் டயரின் ஓரம், வெளியே வந்துவிட்டது. சின்ன கம்ப்ரஸர் உள்ளே ஊதுகிற வேகத்துக்கு டயர் ஓரத்தில் வெளியே போய்க்கொண்டே இருந்தது. சிலிண்டரைத் திறந்ததும் ஒரே மூச்சில் "டப் டப்" என்று இரண்டு சத்தம், பீடு உட்கார்ந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவ்வளவு நிம்மதி.


பீன்யா பட்டறை
ஞாயிறு, காலை 7:35

மேடம் சொல்வது எல்லாம் உண்மை. வேகத்தில் சிலிண்டரை எதுவும் மிஞ்சாது. ஆனால் ஜிம்னி சார் குடும்பத்தோடு, ஒரே வண்டியாகப் போகப்போகிறார். அவருக்கு இதைப் பரிந்துரைக்கும் முன் சில விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் வெல்டிங்குக்கு இந்த சிலிண்டர் தினமும் புழங்குகிறது.

உள்ளே இருப்பது காற்று அல்ல, திரவம். அதனால்தான் இவ்வளவு சின்ன சிலிண்டரில் இவ்வளவு வாயு. ஒரு கிலோ திரவம் ஏறக்குறைய 540 லிட்டர் வாயுவாகும். கணக்கப்பிள்ளை சாரின் கணக்குப்படி தாருக்கு ஒரு தடவை அடிக்க அரைக் கிலோ, ஜிம்னிக்கு 200 கிராம். 4.5 கிலோ சிலிண்டர் ரொம்ப நாள் வரும், அது சரி.

வெயில்தான் பிரச்சினை. 20 டிகிரியில் உள்ளே 830 பிஎஸ்ஐ இருக்கும். 31 டிகிரிக்கு மேல் திரவம், வாயு என்ற வித்தியாசமே போய்விடும். அதற்கு அப்புறம் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் சரசரவென ஏறும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் எடை பார்த்து, இடம் விட்டு நிரப்புகிறார்கள். மீறினால் பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்த வாயுவையும் வெளியே விட்டுவிடும், சிலிண்டர் வெடிக்காமல் இருக்க அதுதான் வழி. ஆனால் 4.5 கிலோ என்றால் 2,400 லிட்டர். ஜிம்னிக்குள் இருக்கிற மொத்த இடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது வண்டிக்குள் திறந்தால் என்ன ஆகும்? வாசனை கிடையாது, முதலில் மூச்சு வாங்கும், தலை சுற்றும், அவ்வளவுதான் எச்சரிக்கை. திறந்த ஜீப்பில் பின்னால் கட்டி எடுத்துப்போவது வேறு, மூடிய கேபினில் வைப்பது வேறு.

அப்புறம் நிரப்புவது. சிலிண்டரில் பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகார முத்திரை வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை) வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்கான கடையில் தொட மாட்டார்கள். ஆன்லைனில் பார்த்து யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இங்கே பீன்யாவில் கடை கடையாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தயவுசெய்து யாரும் தீயணைப்பான் சிலிண்டரை வைத்து முயற்சி செய்யாதீர்கள். அதிலும் 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான், ஆனால் உள்ளே அடிவரைக்கும் குழாய் இருக்கும், திரவமாகத்தான் வெளியே வரும். ரெகுலேட்டர் இல்லை. கை வெந்த மாதிரி ஆகிவிடும், குளிரில்.


சிவப்பு தார்
ஞாயிறு, காலை 8:10

பட்டறை அண்ணா, கேபினுக்குள் வைப்பது பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எங்களுடையது ஒரு பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் நிமிர்த்திக் கட்டி வருகிறது, படுக்க வைப்பதே இல்லை. படுத்தால் ரெகுலேட்டருக்குள் திரவம் போய் உறைந்துவிடும். நாலு வண்டிக்கு விடாமல் அடித்தாலே ரெகுலேட்டர் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும், கொஞ்சம் நிறுத்தித்தான் அடிக்க வேண்டும்.

இன்னொரு குறை, ரப்பர் வழியாக இந்த வாயு சாதாரணக் காற்றைவிடச் சீக்கிரம் கசியும். சைக்கிள்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், குட்டி கார்ட்ரிட்ஜில் அடித்த டயர் மறுநாளே தொய்ந்துவிடும். கார் டயர் தடிமன் என்பதால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

குழுவுக்கு ஒரு சிலிண்டர், ஆளுக்கு ஒரு கம்ப்ரஸர் என்பதுதான் எங்களிடம் இப்போது நடக்கிறது.


ஹெப்பால் ஜிம்னி
ஞாயிறு, காலை 9:02

சிலிண்டர் எனக்கு இல்லை என்று புரிந்துவிட்டது. நன்றி பட்டறை சார், பையன் தூங்குவது பற்றி எழுதியதை மனைவி படித்துவிட்டாள், இனி அந்தப் பேச்சே வீட்டில் எடுக்க முடியாது.

கணக்கப்பிள்ளை சார் கணக்குப்படி பார்த்தால் எனக்கு அந்தச் சின்ன சாக்கெட் கம்ப்ரஸரே போதும் போலிருக்கிறதே? பத்து நிமிடம்தானே? பின்னே ஏன் எல்லோரும் பேட்டரி கிளிப் என்கிறார்கள்?

கூடவே, காலியாக ஒரு ஏர் டேங்க் வாங்கி வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போனால் என்ன?


கணக்கப்பிள்ளை
ஞாயிறு, காலை 9:15

டேங்க் கணக்கு சுலபம். 10 லிட்டர் டேங்க்கை 100 பிஎஸ்ஐக்கு நிரப்பினாலும், டயர் 28க்கு வரும்போது டேங்க்கும் 28இல் நின்றுவிடும். வெளியே வருவது 49 லிட்டர். உங்கள் டயரில் இரண்டு கூட முழுசாக ஆகாது. கழன்ற பீடை உட்கார வைக்க மட்டும் உதவும், அதற்காக அவ்வளவு பெரிய உருளையைச் சுமக்க ஜிம்னியில் டிக்கி எங்கே இருக்கிறது?


பீன்யா பட்டறை
ஞாயிறு, காலை 10:40

சாக்கெட் விஷயம். கணக்கு சரிதான், ஆனால் கணக்கில் வராத இடம் ஒன்று இருக்கிறது.

பெரும்பாலான வண்டிகளில் அந்த சாக்கெட் 120 வாட்டுக்குத்தான். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பியூஸ் 10 அல்லது 15. அதற்குள் ஓடுகிற மோட்டார் என்றால் உள்ளே கட்டைவிரல் தடிமன் பிஸ்டன், பிளாஸ்டிக் கியர், இவ்வளவுதான் இருக்க முடியும். பழுது என்று வந்தவற்றைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே கதை: பிஸ்டன் ரிங் சூட்டில் உருகி சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். மோட்டார் சுற்றும், சத்தம் வரும், காற்று மட்டும் வராது. பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டாதே என்று டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சாக்கெட்டில் சொருகும் முனையைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்த ஸ்பிரிங் தொடுகிற இடம் சரியாகப் பதியாமல் சூடேறி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகிப்போன வண்டிகளும் இங்கே வருகின்றன. அவசரத்துக்கு, ஒரு டயரில் பங்சர், ஸ்டெப்னியில் காற்று குறைவு என்றால் அது தங்கம். ஒவ்வொரு வாரமும் நாலு டயர் அடிக்கிற வேலை அதற்கில்லை.

கிளிப் போடுகிற வகையில் வயேர் கம்பெனியின் 88பி போன்றவை 20 ஆம்பியர் வரை இழுக்கும். உலோகத் தலை, சூடு தணிய துடுப்புத் துடுப்பாக வெட்டிவிட்டிருக்கும். ஜிம்னிக்கு அந்த அளவு தாராளம். ஏஆர்பி இரட்டை மோட்டார் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கு நிரந்தரமாக வயரிங் போட வேண்டும், உங்களுக்கு அது வீண் செலவு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கம்ப்ரஸருக்குப் பணம் கொடுத்துவிட்டு வயரில் கோட்டை விடுகிறார்கள். பின் டயருக்கு எட்டவில்லை என்று வீட்டில் கிடந்த வயரை இடையில் ஒட்டி நீட்டுவார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக நாலு மீட்டர், வர நாலு மீட்டர், 20 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மோட்டார் மெதுவாகச் சுற்றும், கூடுதல் நேரம் ஓடும், அதிகம் சூடாகும், பழி கம்ப்ரஸர் மேல் விழும். அதே நீளத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்தான் போகும்.

அதைவிட எளிது, வயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள். காற்று நாலு மீட்டர் கூடுதலாகப் போவதால் ஒன்றும் குறையாது. கம்ப்ரஸர் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் 14 வோல்ட் பக்கம் கிடைக்கும். கருப்புக் கிளிப்பை பேட்டரி முனையில் போடுவதைவிட இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் போடுவது நல்லது. கம்ப்ரஸரை மண்ணில் வைக்காதீர்கள், சகலேஷ்புரா செம்மண் தூசி வடிகட்டிப் பஞ்சை ஒரே நாளில் அடைத்துவிடும். கால்மிதியை உருவி அதன் மேல் வையுங்கள்.


கேஆர்புரம் டீசல்
ஞாயிறு, மதியம் 1:25

எல்லோரும் ஒரு ஆளை மறந்துவிட்டீர்கள். லாரிக்காரர்.

ஏர் பிரேக் உள்ள எந்த லாரியிலும் இன்ஜினோடு ஓடுகிற கம்ப்ரஸர் இருக்கிறது, டேங்க்கில் 8 பார், அதாவது 115 பிஎஸ்ஐ பக்கம் காற்று எப்போதும் இருக்கும். தன் டயருக்கு அடிக்க பாதிப் பேர் சீட்டுக்கு அடியில் நீள ஹோஸ் சுருட்டி வைத்திருப்பார்கள். சிராடி காட் மலைப்பாதை வழியில் டீக்கடைகள் முன்னால் நிற்கிற லாரிகளில் நம்ம சேலம், நாமக்கல் வண்டிகள் நிறைய. தமிழில் "அண்ணே, கொஞ்சம் காத்து" என்றால் போதும், ஊர் எது என்று விசாரித்துவிட்டு அவரே வந்து அடித்துக் கொடுப்பார். டீக்குக் காசு கொடுத்தால் கோபித்துக்கொண்டவரும் உண்டு.

ஒன்று மட்டும் கவனம். அந்த அழுத்தமும் வேகமும் லாரி டயருக்கு. உங்கள் 40 லிட்டர் டயர் நொடிக்கணக்கில் தாண்டிப் போய்விடும். அவர் "சத்தத்தை வைத்தே சொல்லிடுவேன்" என்பார், சிரித்துக்கொண்டே உங்கள் கேஜை எடுத்து அளந்துவிடுங்கள். ஈரமும் கொஞ்சம் எண்ணெயும் கலந்த காற்று, ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது.


அல்சூர் பழசு
ஞாயிறு, மதியம் 2:05

லாரிக் காற்று நானும் வாங்கியிருக்கிறேன். பழைய பெட்ரோல் ஜீப் காலத்தில் இன்னொன்று உண்டு. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு பம்ப் முனையைத் திருகி, இன்ஜினை ஐடிலில் விட்டால் அந்த சிலிண்டரே டயருக்குக் காற்று அடிக்கும். இப்போதைய வண்டிகளில் பிளக் மேலே காயில் உட்கார்ந்திருக்கிறது, கழற்றினால் செக் இன்ஜின் விளக்கு எரியும். டீசலில் பிளக்கே இல்லை. சும்மா ஞாபகத்துக்காகச் சொன்னேன், யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.


ரெண்டு சக்கரம்
ஞாயிறு, மாலை 4:30

கார் ஆட்கள் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பாக்கெட்டில் வைக்கிற பேட்டரி இன்ஃப்ளேட்டர், ஷாவ்மி மாதிரி, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் ஹிமாலயன் பைக்குக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். எண்ணை வைத்துவிட்டால் தானே நிற்கும், பைக் டயர் இரண்டுக்கும் தாராளமாக வரும். காருக்கு சரிப்படுமா?


கணக்கப்பிள்ளை
ஞாயிறு, மாலை 4:52

நிரந்தரமாக வண்டியில் கிடக்க, ஒரு டயரில் மூன்று நாலு பிஎஸ்ஐ குறைந்தால் ஏற்றிக்கொள்ள, அருமை. நாலு டயருக்கும் 10 பிஎஸ்ஐ என்றால் பாதியில் சார்ஜ் தீரும், இல்லையேல் சூட்டில் நின்றுவிடும். மகிட்டா, போஷ் டிரில் பேட்டரியில் ஓடுகிறவை இதைவிட மேல், ஆனால் அந்த பேட்டரியும் சார்ஜரும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும். இதற்கென்றே வாங்கினால் கிளிப் கம்ப்ரஸர் விலையைத் தாண்டிவிடும்.


அல்சூர் பழசு
ஞாயிறு, இரவு 8:18

எதை வாங்கினாலும் காற்றழுத்தம் அளக்கிற கேஜ் தனியாக ஒன்று வாங்குங்கள். கம்ப்ரஸரின் மேல் ஒட்டியிருக்கிற முள் அடிக்கும்போது ஒன்று காட்டும், நிறுத்தினால் வேறொன்று காட்டும். ஓடும்போது அது அளப்பது ஹோஸில் இருக்கிற அழுத்தம், டயரில் இருப்பது அல்ல. நிறுத்தி, கழற்றி, தனிக் கேஜில் பாருங்கள். திருகிக் கழற்றுகிற முனையில் கொஞ்சம் காற்று "புஸ்" என்று போகும், அதற்கும் சேர்த்து ஒரு பாயிண்ட் கூட அடித்துக்கொள்ளலாம். பித்தளை முனை கொதிக்கும், பழைய துணி ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சூடு. கதவோர ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான எண். பாறையில் நசுங்கி ஏறி வந்த டயர் சூடாக இருக்கும். 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் வரும். சூட்டில் சரியாக 28 அடித்தால் மறுநாள் காலை பெங்களூரு குளிரில் 25 காட்டும், உடனே வால்வ் கசிகிறது என்று பங்சர் கடைக்கு ஓடுவார்கள். இரண்டு மூன்று பாயிண்ட் கூட வைத்து வீட்டுக்கு வாருங்கள், காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் பார்த்து இறக்கிவிடுங்கள். இறக்குவது சுலபம்.

பங்க்கில் நைட்ரஜன் அடித்தேனே, அதில் சாதாரணக் காற்று கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தாராளமாகக் கலக்கலாம்.


சிவப்பு தார்
ஞாயிறு, இரவு 8:40

பீடு கழன்றால் கம்ப்ரஸரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதையும் ஜிம்னி சாருக்குச் சொல்லிவிடுகிறேன், தனியாகப் போகிறார் என்பதால். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். ரிம் ஓரத்தில் ஒட்டிய சேற்றைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டயரின் நெஞ்சைச் சுற்றி ராட்செட் பெல்ட்டை (சரக்கை இறுக்கிக் கட்டுகிற பட்டை) கட்டி இறுக்கினால் இரண்டு ஓரமும் வெளிப்பக்கம் பிதுங்கி ரிம்மைத் தொடும். வால்வுக்குள் இருக்கிற பின்னைக் கழற்றிவிட்டு ஊதுங்கள், காற்று தடையில்லாமல் உள்ளே போகும். பீடு உட்கார்ந்ததும் பெல்ட்டை உடனே தளர்த்திவிட்டு, பின்னைப் போட்டு மறுபடி அடியுங்கள். அந்தப் பின் சேற்றில் விழுந்தால் கிடைக்காது, உபரியாக நாலு வைத்திருங்கள், பங்சர் கடையில் சில்லறைக் காசுக்குத் தருவார்கள்.

முக்கியமாக, 15க்குக் கீழே இறக்காமல் இருந்தால் இந்த வேலையே பெரும்பாலும் வராது. 18 நல்ல எண்.

யாராவது எரியும் ஸ்பிரே அடித்துத் தீக்குச்சி கிழித்தால் பீடு உட்காரும் என்று வீடியோ அனுப்புவார்கள். அழித்துவிடுங்கள்.


ஹெப்பால் ஜிம்னி
திங்கள், காலை 7:05

அப்படியென்றால் இதுதான்: 20 ஆம்பியர் வகை கிளிப் கம்ப்ரஸர், நீளமான ஹோஸ், தனிக் கேஜ், வால்வ் பின்கள், ராட்செட் பெல்ட். கனகபுரா பக்கம் போனால் பங்க். வீட்டில் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

அடுத்த வருடம் லடாக்கில் லே வரைக்கும் போகிற யோசனை இருக்கிறது. அங்கேயும் இது தாங்குமா? இன்னொன்று, ஒவ்வொரு முறையும் பேட்டரி முனையில் கிளிப் தேடுவதற்குப் பதில் ஒரு பிளக் மாதிரி நிரந்தரமாக வெளியே விட முடியுமா?


கணக்கப்பிள்ளை
திங்கள், காலை 7:30

லே 3,500 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கம்ப்ரஸரின் ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே வருகிற காற்று அவ்வளவு குறைவு. இங்கே இரண்டு நிமிடம் என்றால் அங்கே மூன்று. சின்ன சாமான்கள் அங்கேதான் சூட்டில் படுத்துவிடும், உங்களுடையது தாங்கும். இரண்டு டயருக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். இங்கே 28 வைத்துக் கிளம்பினால் அங்கே கேஜ் மூன்று நாலு பாயிண்ட் கூடக் காட்டும், வெளி அழுத்தம் குறைவதால் வரும் வித்தியாசம் அது. ஆனால் குளிர் அதைக் கொஞ்சம் இழுத்துவிடும். காலையில் பார்த்து முடிவு செய்யுங்கள்.


பீன்யா பட்டறை
திங்கள், காலை 8:15

பிளக் போடலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்பி ரோட்டில் போய் 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர் என்று கேளுங்கள், ஜோடியாக வாங்குங்கள். யுபிஎஸ் பேட்டரிக்கு, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்டுக்குப் போடுவது. கூடவே 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சிவப்பு கருப்பு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பின உடனே, ஒரு சாணுக்குள், 30 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். அந்த பியூஸ் கம்ப்ரஸருக்காக இல்லை, வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் வண்டி எரியாமல் இருக்க.

முனைகளைக் கட்டிங் பிளேயரில் நசுக்காதீர்கள். கிரிம்பிங் டூல் இல்லையென்றால் வாங்கின கடையிலேயே அடித்துத் தரச் சொல்லுங்கள், நாலு முனை நாலு நிமிட வேலை. ஞாயிறு அங்கே பெரும்பாலும் மூடியிருக்கும், சனி மதியத்துக்குள் போய்விடுங்கள். கம்ப்ரஸரின் பழைய கிளிப்பை வெட்டி எறியாதீர்கள், கனெக்டரின் இன்னொரு பாதியில் அதையும் ஒரு துண்டு வயரோடு வைத்துக்கொண்டால் அடுத்தவர் வண்டிக்கும் அடிக்கலாம்.